ஐப்பசி, கார்த்திகையில் கொல்லைப்புறத்தில் எதைப் பார்ப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: கிணற்றடி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் குடியிருக்கிறாள். புரட்டாசி பாதி கடந்ததும் அவள் வீட்டுப் பின்பக்கத்துப் படங்கள் வரத் தொடங்கிவிடும். சர்க்கரை மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தாற்போல் சிவந்து நிற்கும். அணில்கள் வரப்போகும் பனிக்காலத்துக்காக ஓக் கொட்டைகளை மண்ணில் புதைத்துக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க மனம் நிறையும். இந்த ஆண்டு படங்களோடு, "நம் ஊரில் இப்படி ஒரு பருவமே இல்லையே அம்மா, வெயில் விட்டால் மழை, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் இது நடந்தது.

ஐப்பசி முதல் வாரம். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்குப் பவளமல்லி பொறுக்கலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். கிணற்றடியில் துவைக்கும் கல்லின்மேல் மைனா அளவில், வாலே இல்லாததுபோல் குட்டையாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. நான் நாலடி தூரத்தில் நின்றும் அது பறக்கவில்லை. முதுகு வெற்றிலைப் பச்சை, இறக்கையில் ஒரு கீற்று மயில்நீலம், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வயிற்றின் அடியில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவப்பு. மூச்சு வாங்குவது இறகின் அசைவில் தெரிந்தது. பத்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, கல்லிலிருந்து இறங்கி, தத்தித் தத்திப் பூவரசமரத்தடிச் சருகுக்குள் போய்விட்டது. அன்று மாலை இருட்டும் நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டது.

எங்கள் கொல்லை ஏறத்தாழ மூன்று சென்ட் இருக்கும். இரண்டு தென்னை, பூவரசு, கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை, பவளமல்லி இருக்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் ஒட்டு மாமரத்தைச் சாய்த்த பிறகு அந்த இடத்தில் எதையும் நடவில்லை. தானாக முளைத்தவைதான் புதராக நிற்கின்றன. சேறும் சருகும் பாம்பு பயமுமாக இருக்கிறது என்று என் கணவர் பொங்கலுக்குள் கொல்லை முழுவதும் சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு வயதாகிறது, அவர் ஒருமுறை வழுக்கி விழுந்தும் இருக்கிறார்.

அந்தப் பறவை எது, இந்த மழைக்காலத்தில் இப்படிப்பட்ட கொல்லையில் இன்னும் எவற்றையெல்லாம் எதிர்பார்க்கலாம், தளம் போடத்தான் வேண்டுமென்றால் எந்த இடத்தை மண்ணாகவே விட்டுவைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: ஊசுட்டேரிக்காரன் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

அம்மா, தங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஆறுமணிக்குருவி. காலையில் ஆறு மணியை ஒட்டியும் மாலையில் ஆறு மணியை ஒட்டியும் குரல் கொடுப்பதால் வந்த பெயர். தாங்கள் கேட்ட அந்த இரட்டை விசில் அதன் குரலேதான். பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து சேரும்; சித்திரை வாக்கில் வடக்கே திரும்பும். இரவில் பறந்து வருகிற பறவை இது. நீண்ட பயணத்தால் சோர்ந்தும், மழையில் நனைந்தும், விளக்கொளியில் திசை தடுமாறியும் வீட்டுத் திண்ணையிலும் மாடிப்படியிலும் இறங்கி உட்கார்ந்துவிடுவது இந்தப் பருவத்தில் நம் பக்கத்தில் வழக்கம். தங்கள் துவைக்கும் கல் அதற்கு அன்று ஒரு சத்திரமாக இருந்திருக்கிறது.

அதைத் தொடாமலும் விரட்டாமலும் பத்து நிமிடம் தாங்கள் நின்றது மிகச் சரியான செயல். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இப்படி ஒரு பறவை கண்ணாடியில் மோதி மயங்கிக் கிடந்தால், காற்றுத் துளைகள் போட்ட அட்டைப் பெட்டிக்குள் துணி விரித்து வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; நீர் மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இனி, மகளுக்கு எழுத வேண்டிய பதில். மேப்பிள் இலை ஏன் சிவக்கிறது? அங்கே பகல் வேகமாகக் குறுகிக் குளிர் நெருங்கும்போது, மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, சத்தைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் ஏற்கெனவே அடியில் இருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது; சிவப்பு மட்டும் அந்த நாட்களில் புதிதாக உண்டாகிறது. கடலூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11.7 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நம் மரங்கள் குளிருக்கு அஞ்சி இலையை உதிர்ப்பதில்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி மாசி, பங்குனியில் உதிர்க்கின்றன. ஆகவே அவர்கள் ஊரில் உதிரும் காலம் நம் ஊரில் துளிர்க்கும் காலம். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று தனிப் பருவமாகவே பிரித்து வைத்திருந்தார்கள். பருவமே இல்லை என்று மகள் எழுதியதற்கு அந்த ஒரு சொல்லையே பதிலாக அனுப்பலாம்.

அங்கே படத்தில் தெற்கு நோக்கிப் போகும் பறவைகளைப் பார்க்கலாம். இங்கே வந்து சேரும் பறவைகளைப் பார்க்கலாம். எனக்கு இந்தப் பருவத்தின் அழகே இதில்தான் இருக்கிறது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்களை இப்போது தாங்கள் காணலாம். வேலியோரத்தில் கரகரவென்று அதட்டும் குரல் கேட்டால் அது வடக்கு, கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பழுப்புக் கீச்சானாக இருக்கும். வந்த இரண்டொரு நாளில் தன் எல்லையைப் பிடித்துக்கொண்டு பங்குனி வரை அதே கிளையில் உட்காரும். பூவரச நிழலில் மாங்குயில் மஞ்சளாக மின்னிப் போகும். சருகு நிறைந்த நிழலில் நடந்துகொண்டே வாலை இடமும் வலமுமாக ஆட்டும் சிறு பறவை தென்பட்டால், அது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும்தான் ஆட்டும். பத்தாண்டுகளாகப் பறவை பார்க்கிறேன். ஊசுட்டேரியில் தொலைநோக்கி வைத்து நூற்றுக்கணக்கில் பார்த்த வாத்துகளைவிட, எங்கள் வீட்டுச் சப்போட்டா மரத்தடியில் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்த அந்த ஒற்றை வாலாட்டிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நிரந்தரமாகக் குடியிருப்பவர்களையும் மறந்துவிட வேண்டாம். புதுச்சேரி அரசு 2007-இல் தனக்கான அடையாளங்களாக அணிலையும் குயிலையும் வில்வ மரத்தையும் நாகலிங்கப் பூவையும் அறிவித்தது. புலியும் யானையும் இல்லாத ஊர் தன் கொல்லைப்புறத்து அணிலையே அரசு விலங்காக எடுத்துக்கொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

தாங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் தரையில் இரை தேடுகிறவை; சருகைப் புரட்டி அதன் அடியிலுள்ள புழு பூச்சிகளைத் தின்று குளிர்காலத்தைக் கழிப்பவை. பூவரசமரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டால் அவை தங்கும். அங்கே சிமெண்ட் போட்டால் அடுத்த ஐப்பசியில் அந்தக் கல்லின்மேல் இளைப்பாறிவிட்டு வேறு இடம் தேடிப் போய்விடும்.


மறுமொழி 2: முதுநகர் (கடலூர் முதுநகர்)

மேலே எழுதிய நண்பருடைய பறவை அறிவை மதிக்கிறேன். ஆனால் பாம்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்த நாட்களில், எங்கள் வீட்டுக் கொல்லையில் அடுக்கியிருந்த விறகுக்குள் ஒரு கண்ணாடி விரியன் புகுந்துகொண்டது. விறகெடுக்கப் போன என் தாயார் குக்கர் விசில் விடுவதுபோன்ற சீற்றத்தைக் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டதால் தப்பினார். அன்றிலிருந்து அழகு என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் அந்த விறகுக் குவியல்தான் நினைவுக்கு வருகிறது.

இருந்தும், தளம் போட்டால் பாம்பு வராது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று பாம்பு வந்தது விறகைத் தேடி, அங்கிருந்த எலியைத் தேடி. எங்கள் பக்கத்து வீட்டில் முழுத் தளம் போட்டிருக்கிறார்கள். தளத்துக்கு அடியில் மண் இறங்கி எலி வளை வைத்து, சாரைப்பாம்பு அந்த வளைக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன். சாரைக்கு நஞ்சு இல்லை. எலியைத் தின்று நமக்கு உதவிதான் செய்கிறது. அதை அடித்துப் போடுவது நமக்கே இழப்பு.

எனவே கிணற்றடி அம்மா, சருகை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டுச் சுவரிலிருந்தும் கதவிலிருந்தும் பத்தடியாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். செங்கல், ஓடு, விறகு, காய்ந்த தென்னை மட்டை ஆகியவற்றைச் சுவரோரம் குவிக்காதீர்கள். எச்சில் சோற்றை இரவில் கொல்லையில் கொட்டாதீர்கள். சோற்றுக்கு எலியும் எலிக்குப் பாம்பும் வரும். இருட்டியபின் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கொல்லையில் கால் வைக்காதீர்கள். கட்டு விரியன் இரவில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவரை உறக்கத்திலேயே கடித்துவிடக்கூடியது, கடித்த இடமும் பெரிதாக வலிக்காது. ஆகையால் மழைக்காலத்தில் கட்டிலும் கொசுவலையும் அவசியம். யாரையேனும் கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் மந்திரிப்பதும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் கொடுக்கிறார்கள்; பாம்பை அடித்து எடுத்துவர வேண்டிய தேவையில்லை.

கதவிலிருந்து கிணறு வரை வழுக்காத சொரசொரப்பான நடைபாதை ஒன்று நிச்சயம் போடுங்கள். வயதானவர்களுக்குப் பாம்பைவிடப் பாசிதான் பெரிய ஆபத்து.


மறுமொழி 3: பழைய வாத்தியார் (நெல்லிக்குப்பம்)

சகோதரி, பறவையைப் பற்றி லாஸ்பேட்டைத் தம்பி எழுதிவிட்டார். அந்தப் பறவை எதைத் தின்ன வந்ததோ அதைப் பற்றி நான் எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவன். பாடப்புத்தகத்தில் நடத்த முடியாததையெல்லாம் பள்ளிக்கூட வேலியோரத்தில் ஐப்பசி மாதத்தில் நடத்தியிருக்கிறேன்.

முதல் நல்ல மழை பெய்த மறுநாள் சாயங்காலம் மண்ணிலிருந்து ஈசல் கிளம்பும். கரையான் புற்றில் ஆண்டு முழுக்க இருட்டில் வளர்ந்தவை, அந்த ஒரு மாலையில் இறக்கையோடு வெளியே வந்து, இணை தேடி, தரையிறங்கி, இறக்கையைத் தாமே உதிர்த்துவிட்டுப் புதுப் புற்றுக்கு இடம் தேடுகின்றன. அந்த நேரத்தில் கொல்லையில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். இரட்டைவால் குருவி காற்றிலேயே பிடிக்கும். மைனா தரையில் பொறுக்கும். ஓணான் வேலியிலிருந்து இறங்கும். இருட்டியதும் தேரைகளும் பல்லிகளும் விளக்கடிக்கு வந்துவிடும். என் சிறுவயதில் என் அம்மா ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி விளக்கின்கீழ் வைத்து ஈசல் பிடித்து, பொரியரிசியோடு வறுத்துக் கொடுத்ததுண்டு. ஒரே மாலையில் இத்தனை பேருக்கு விருந்து வைக்கிற வேறொரு உயிரை நான் கண்டதில்லை.

அதே ஈர மண்ணில் காலை வெயிலுக்கு முன் குனிந்து பார்த்தால் குங்கும நிறத்தில், வெல்வெட்டுத் துணியில் வெட்டியதுபோல் தம்பலப்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் பட்டுப்பூச்சி என்பார்கள், தீப்பெட்டிக்குள் போட்டு வைப்பார்கள். அதற்கு எட்டுக் கால். ஆகையால் அது பூச்சியினமே இல்லை, உண்ணி, சிலந்தி வகையைச் சேர்ந்தது. ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு மழைக்கு மட்டும் மேலே வருகிறது. மேலே வருவதற்கு அதற்கு மண் திறந்திருக்க வேண்டும். தளம் போடலாமா என்ற தங்கள் கேள்விக்கு என் விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கறிவேப்பிலைச் செடியை விடாமல் கவனியுங்கள். இலை நுனியில் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. பறவை தன்னைத் தின்னாதிருக்க எச்சம் போல வேடம் போட்டிருக்கிறது. நான்கு முறை தோல் உரித்தபின் இலைப்பச்சைக்கு மாறிவிடும். அப்போது ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவண்கட்டை வடிவில் சிவப்பாக ஒரு கொம்பு வெளியே வரும். கூடவே நெடியான ஒரு வாடையும் வரும். பிறகு தண்டில் தன்னை இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில், ஒரு காலை வேளையில் கூடு பிளந்து, கசங்கிய துணி போல் இறக்கையோடு வெளிவந்து, இரத்தம் பாய்ந்து இறக்கை விரியும் வரை அதைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் பார்ப்பதற்குக் காத்திருக்கிறேன். நாலு கொத்து கறிவேப்பிலை போனால் போகட்டும்.

முருங்கையில் தண்டு தெரியாமல் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி வேறு கதை. அதன் மயிர் பட்டால் அரிப்பெடுத்துத் தோல் தடிக்கும். பகலில் அடிமரத்தில் கூட்டமாகக் கிடந்து, இரவில் மேலேறி இலையை மொட்டையடிக்கும். தீப்பந்தம் காட்டி எரிப்பது நம் வழக்கம். அப்படிச் செய்தால் மரப்பட்டையும் கருகிவிடுகிறது. நான் நீளமான கழியில் ஈரச் சாக்கைக் கட்டி வழித்து, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுவேன். செம்போத்து வந்து தின்றுகொண்டிருந்தால் அதையும் செய்ய மாட்டேன். குயிலினப் பறவைகளுக்கு மயிர் நிறைந்த புழுவும் இரைதான்.

இன்னும் ஒன்று. இந்த நாட்களில் மழை விட்ட வெளிச்சத்தில் தலைக்கு மேலே பொன்னிறத் தட்டான்கள் கூட்டமாக, உட்காராமல் பறந்துகொண்டே இருக்கும். அவற்றின் இனத்தவை வடகிழக்குக் காற்றைப் பிடித்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று மாலத்தீவில் வாழ்ந்த கடலுயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். மழை எங்கே பெய்கிறதோ அங்கே குட்டையில் முட்டையிட்டு, சில வாரங்களில் அடுத்த தலைமுறை கிளம்பிவிடுகிறது. தங்கள் மகளின் ஊரில் தெற்கு நோக்கிப் போகும் வாத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நாம் கடல் தாண்டும் தட்டானை அண்ணாந்து பார்க்கலாம்.


கிணற்றடி (மஞ்சக்குப்பம், கடலூர்)

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடுவில் பத்து நாள் விடாத மழை.

முதுநகர் தம்பியின் மறுமொழியை என் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பத்தடி கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. மேஸ்திரியை அழைத்து, சமையலறைக் கதவிலிருந்து கிணறு வரைக்கும் நாலடி அகலத்தில் சொரசொரப்பான பாதை மட்டும் போடுவது, சுவரையொட்டிய இடத்தைச் சுத்தமாக வைப்பது, பூவரசிலிருந்து பின்வேலி வரையிலான பாதிக்கொல்லையை மண்ணாகவே விடுவது என்று முடிவாகியிருக்கிறது. விறகும் உடைந்த ஓடுகளும் வண்டியில் போய்விட்டன. கிணற்று நீர் கோடையில் உப்புக் கரிப்பது எங்கள் தெருவில் பழைய குறை; மழைநீர் மண்ணில் இறங்கினால் அதற்கும் நல்லது என்று மேஸ்திரியே சொன்னார்.

ஆறுமணிக்குருவி இங்கேயே இருக்கிறது. கண்ணில் படுவது அபூர்வம், ஆனால் குரல் தவறுவதில்லை. வாத்தியார் ஐயா சொன்ன கறிவேப்பிலைப் புழுக்கள் ஏழு இருந்தன. இரண்டைத் தையல்சிட்டு கொத்திப் போனது, ஒன்று என் கண் முன்னாலேயே கூடு பிளந்து வெளியே வந்தது. கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. அதன் படத்தையும், விடியற்காலையில் ஈரத் தரையில் ஆரஞ்சுக் காம்பு மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடந்த பவளமல்லிகளின் படத்தையும், வேலியில் ஏறி நுனி சிவந்து அடி மஞ்சளாகப் பூத்திருக்கும் கார்த்திகைப் பூவின் படத்தையும் மகளுக்கு அனுப்பி, அடியில் "கூதிர்" என்று மட்டும் எழுதினேன். அடுத்த முறை ஐப்பசியில் வருவதற்கு விடுப்புக் கேட்டுப் பார்ப்பதாகப் பதில் போட்டிருக்கிறாள்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி. கிணற்றடியில் மாட்டுக்கு வைத்திருந்த பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று பாதி மழைநீரோடு இருக்கிறது. அதன் உட்சுவரில், நீருக்கு ஒரு சாண் மேலே, அடித்து வைத்த முட்டை வெள்ளை போல நுரை ஒன்று இன்று காலை ஒட்டியிருக்கிறது. வழித்துக் கழுவிவிடலாமா, விட வேண்டுமா? கொசு பெருகுமோ என்றும் கவலையாக இருக்கிறது.


பழைய வாத்தியார் (நெல்லிக்குப்பம்)

வழித்துவிடாதீர்கள் சகோதரி. அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை முட்டையோடு சுரக்கும் நீரைப் பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கி வைத்திருக்கிறது. முட்டைகள் அதற்குள் காயாமல் இருக்கும். சில நாட்களில் நுரை அடியில் இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே நீரில் விழும். சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒருவேளை தாய்த் தவளை தொட்டிச் சுவரிலேயே, சுவரின் நிறத்தில், கால்களை மடக்கிக்கொண்டு ஒட்டியிருக்கும்.

கொசுவைப் பற்றிய கவலை சரியானதே. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு என்று கொல்லையில் நீர் தேங்கும் மற்ற அத்தனையையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். இந்தத் தொட்டியில் மட்டும் பிளீச்சிங் பவுடரோ மண்ணெண்ணெயோ ஊற்றாமல், மூன்று நாளுக்கு ஒருமுறை தேநீர் வடிகட்டியால் மேற்பரப்பை அள்ளுங்கள். கொசுப்புழு மூச்சு விட மேலே வந்து தொங்கும், எளிதில் அகப்படும். தலைப்பிரட்டை அடியில் பாசி மேயும். வடிகட்டியில் சிக்கினால் திரும்ப விட்டுவிடலாம். கப்பி மீன் விட வேண்டாம். அது தலைப்பிரட்டையையும் தின்றுவிடும்.

தொட்டியின் சுவர் செங்குத்தாக இருந்தால் ஒரு தென்னை மட்டையைச் சாய்த்துப் போடுங்கள். ஒரு முனை நீருக்குள்ளும் மறுமுனை விளிம்புக்கு வெளியேயும் இருக்கட்டும். தை பிறக்கும் நேரத்தில், வால் முழுதும் சுருங்குவதற்கு முன்பே, கட்டைவிரல் நகத்தளவுக் குட்டிகள் அதன்வழியாக ஏறிப் பூவரசமரத்துக்குப் போய்விடும்.